கிணறு வரைக்கும்

மணித்தியாலத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு, டீசல் தனி.
மஞ்சள் இயந்திரத்தின் மேலிருந்து நிரோஜன்
"தொடங்கட்டே அன்ரி?" என்கிறான்.
கட்டுவன் சந்தியிலிருந்து மூன்றாவது ஒழுங்கை.
கம்பியில் இன்னும் தொங்குகிறது
மண்டையோடு வரைந்த சிவப்புத் தகரம்.
அதற்கப்பால் எங்கள் வீடு
என்று உறுதியில் இருக்கிறது.
கண்ணில் இருப்பது காடு.

கொஞ்சம் பொறு தம்பி, என்கிறேன்.

என் தொழில் அண்ணாந்து பார்ப்பது.
போர்னியோவில், இடுப்பளவு கறுத்த சேற்றில் நின்று
இருபத்தாறு வருஷம் கூடு எண்ணினேன்.
பொழுதுபட ஒராங்குட்டான் ஒரு கூடு கட்டும்,
கிளையை மடித்து, முறித்து, இலை பரப்பி,
பத்து நிமிஷத்தில், பாய் விரித்தமாதிரி.
விடிய எழும்பிப் போய்விடும். நாளைக்கு வேறு மரம்.
ஆளைக் காண்பது அருமை.
நாங்கள் எண்ணுவது படுக்கைகளை.
இலை பச்சையா, பழுப்பா, தடி மட்டும் மிச்சமா
என்று எழுதிக் கணக்குப் போட்டு
இந்தக் காட்டில் இத்தனை பேர் என்போம்.
'பேர்' என்று எழுதாதே என்பார் பேராசிரியர்.
என் தமிழ்க் குறிப்புகளில் திருத்த அவரால் முடியவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம்
மல்லாகத்தில் ஒரு பள்ளிக்கூடம்,
ஏழாலையில் மாட்டுக்கொட்டில்,
கோண்டாவிலில் கூரை போடாத வீடு.
நிவாரண அட்டைக்கு எங்களை எண்ண வந்தவரும்
பாய்களைத்தான் எண்ணினார்.

கனகமணி என்று ஒருத்திக்குப் பெயர் வைத்தேன்.
கொட்டிலில் இடம் தந்த மனிசியின் பெயர்.
எட்டு வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெறுவாள்.
மழைக்கு ஒரு கொப்பை முறித்துத் தலைக்குமேல் பிடிப்பாள்.
என்னைக் கண்டால் உதட்டைக் குவித்து 'ச்சு' என்று
தடியெடுத்து எறிவாள்.
மூன்றாவது பிள்ளைக்கு நாலு வயதாகையில்
ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெட்டத் தொடங்கினார்கள்,
எண்ணெய்ப்பனைக்கு.

அந்தச் சொல்லை எழுத முதல்தரம் கை நின்றது.
பனை என்றால் எனக்கு ஒடியல், பனாட்டு,
பதுங்குகுழிக்குக் குறுக்கே போட்ட குற்றி.
பனையைப் பகைக்க
நான் புதிதாய்ப் பழகவேண்டியிருந்தது.

அந்த இயந்திரமும் மஞ்சள்தான்.
ஓட்டியவன் டார்மன், இரண்டு பிள்ளைகள்,
சம்பளம் வெட்டிய பரப்புக்கு.
முன்னால் போய் நின்று
ஒரு கிழமை பொறு, எண்ணவேண்டும் என்றேன்.
இயந்திரத்தை நிறுத்தி, ஒரு சிகரெட்டை முழுதாய்ப் பிடித்தான்.
"அக்கா, உன் வீடு எங்கே?" என்று கேட்டான்.
பிறகு தொடங்கினான்.

கொப்பியும் பென்சிலுமாக உள்ளே போகிறேன்.
செம்பாட்டு மண். காற்சட்டையெல்லாம் நாயுருவி.
படலை நின்ற இடத்தில் இலந்தை.
குசினிக்குள் ஓர் ஆல், கூரையைக் கடந்து.
காகக்கூடு இரண்டு.
அணிற்கூடு ஐந்து, அதில் மூன்று பழையது.
புலுனிக்கூடு ஒன்று, நாலு முட்டை, நல்ல நீலம்.
மரநாய் இருக்கிறது; எச்சத்தில் ஈச்சங்கொட்டை.
அறைகளை நான் எண்ணவில்லை.

கனடாவிலிருந்து தம்பி ரகுலன் எடுக்கிறான்.
துப்பரவாக்கினால்தான் வீட்டுத்திட்டத்தில் பதியலாம்,
வேலை தொடங்கிட்டுதே?
பிறகு, குரல் மாறி:
"பின்னாலை கேக்கிறது என்ன, புலுனியே?"

வெளியே வரும்போது நாற்பது நிமிஷம் போயிருக்கிறது.
நிரோஜன் பிஸ்கட் தின்கிறான்.
பைக்கற்றைத் திருப்பி வாசிப்பது என் வியாதி.
மூன்றாவது வரியில் இருக்கிறது, பாம் எண்ணெய்.
எனக்கும் ஒன்று நீட்டுகிறான்.
தின்கிறேன்.

"எவ்வளவு தூரத்துக்கு வெட்ட?"

கிணறு வரைக்கும், என்கிறேன்.
கிணறு வரைக்கும் போதும்.

"கிணறு எங்கை அன்ரி?"

பழக்கதோஷத்தில்
அண்ணாந்து பார்க்கிறேன்.