அடுத்த பேர்

சுப்ரேன் வீதியில்
மஞ்சள் சுவருக்குள் இருக்கிற கண்காட்சிக் கூடத்தில்
எனக்கு வேலை ஆணி அடிப்பது.
ஏணி, பென்சில், ரசமட்டம்,
இடுப்பில் ஒரு ஈரத்துணி.
படம் பார்ப்பது சம்பளத்தில் சேராது.

இந்த மாதம் மலாவி.
அது எங்கே என்றேன்.
ஆப்பிரிக்காவில், ஒரு பெரிய ஏரியைச் சுற்றி, என்றார் இஞ்ஞாசி.
மூன்று வருஷம் அங்கே போய்வந்து எடுத்தாராம்.
முப்பத்தொரு படம், கம்பளியில் சுற்றி.
பிரிக்கும்போது கொஞ்சம் பயம்தான்:
எலும்பு தெரியும் பிள்ளை, ஈ மொய்க்கும் கண்.
அப்படித்தானே அந்தக் கண்டத்தைக்
காலண்டர் மாதிரி நமக்கு மாட்டி வைத்திருக்கிறார்கள்.

முதல் படத்தில் ஒரு பெண்
மூங்கில் பரணில் பொடிமீன் காயவைக்கிறாள்.
நெத்திலி போலத்தான் இருக்கிறது,
அங்கே வேறு பேராம்.
நிழல் அவள் காலடியில் சுருண்டு கிடக்கிறது,
ஆக, உச்சிவேளை.
இன்னும் ஒருதரம் புரட்டிப்போட வேண்டும்.
அவளுக்கும் தெரிகிறது.
கை மீனில் இருக்க
முகம் மட்டும் கேமராவுக்கு:
சீக்கிரம் எடு, வேலை கிடக்கு.

தலைத்துணி கட்டி முடிக்கும்வரை
வெயிலில் நிற்கவைத்துவிட்டாள் என்று சிரித்தார்.
கீழே அட்டையில்
எஸ்நாத் பண்டா, மீன் வியாபாரி.

பேர்.
ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன்.

அலை வந்த வருஷம்
சோனாங்குப்பத்தில் என்னையும் ஒருத்தர் எடுத்தார்.
எந்தெந்த ஊர்ப் பேப்பரிலோ வந்தது.
வாய் பிளந்திருக்கும், முந்தானை நழுவியிருக்கும்,
நீட்டின கையில் ஒரு அரிசிப் பை.
'நிவாரணத்துக்குக் கையேந்திக் கதறும் மீனவப் பெண்.'
ஓரத்தை வெட்டியிருந்தார்கள்.
வெட்டின இடத்தில் நின்றவள் பூங்காவனத்தின் மாமியார்.
நான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.
இருநூற்றுப் பதினாலு குடும்பம், லிஸ்ட் என் இடுப்பில்.
அது அழுத வாய் இல்லை,
அடுத்த பேரைக் கூப்பிட்ட வாய்:
தேசப்பன் வீடு! தேசப்பன் வீட்டிலிருந்து யாரு வந்திருக்கா?

என் பேர் அஞ்சலாட்சி.
எழுத இடம் இருந்தது.

அழவே இல்லை என்று சொல்ல வரவில்லை.
ராத்திரி, பள்ளிக்கூட வராண்டாவில்,
வாயில் துணியை அடைத்துக்கொண்டு.
அதை யாரும் எடுக்கவில்லை. நல்லது.

இதையெல்லாம் இஞ்ஞாசியிடம் சொல்லவில்லை.
அந்தம்மாவுக்கு ஒரு பிரதி போச்சா என்று மட்டும் கேட்டேன்.
போச்சாம். ரேடியோவுக்கு மேலே வைத்திருக்கிறாளாம்.
ஆனால் ஒரே சண்டை:
சீட்டுப் போட்டு, மீன் விற்று,
அந்த வருஷம்தான் கூரைக்குத் தகரம் வாங்கியிருக்கிறாள்.
இந்தப் படத்தில் என் கூரை எங்கே?
மறுவருஷம் போய் அதை எடுத்துவந்தாராம்.

முப்பத்தொன்றாவது படம் அதுதான்.
ஆள் கிடையாது.
தகரம். வெயில்.
காற்றுக்குப் பயந்து வைத்த மூன்று கல்.

திறப்பு விழாவுக்கு வந்தவர்கள்
கண்களைப் பற்றிப் பேசினார்கள்,
வறுமையிலும் என்ன ஒளி என்று.
கூரையைத் தாண்டி காபி மேசைக்குப் போனார்கள்.
நான் துடைப்பது போல நின்று தகடு எண்ணினேன்.
பதினாறு.
எங்களுக்கு முதல் தவணையில் ஒன்பதுதான் முடிந்தது,
மிச்சத்துக்குத் தார்ப்பாய்,
அதில் பாதி தானே புயலோடு போச்சு.

கூட்டம் கலைந்ததும் பார்க்கிறேன்,
அந்தப் படம் அரை விரல் சாய்ந்த மாதிரி இருக்கிறது.
ஏணி போட்டு ரசமட்டம் வைத்தேன்.
குமிழி நடுவில் நின்றது.
சட்டம் நேர்தான்.
சாய்ந்திருந்தது கூரை.
மழைத்தண்ணி ஓடணுமில்லையா,
அவள் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.