பின்பக்கம்

பிராங்க்ஸ் சலவைக்கடையில்
என் சட்டைகள் சுழல்கின்றன.
"ஹிப்-ஹாப்பில் டியூக் லாரன்ட்டை மிஞ்ச ஆளில்லை" என்கிறேன்.
விளக்குக் கம்பத்தில் மின்சாரம் திருடி
பூங்காவையே ஆட்டிவைத்தவன்.
வாடகை பாக்கி வைத்துக்கொண்டு
தன்னை ராஜா என்றான் பார்,
அதுதான் தற்பெருமை.
இப்போதைய பையன்கள்
நிஜமாகவே பணக்காரர்கள்; அதில் என்ன சாமர்த்தியம்?

சில்லறை மாற்றித் தரும் யெசெனியா
நிமிரவே இல்லை.
"அந்த இசைத்தட்டின் பின்பக்கம்
மர்வெட் என்றொருத்தி, பதினாறே வரி.
மூச்சு எங்கே வாங்கினாள் என்று
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.
கேட்டதுண்டா?"

நாற்பது வருடமாக என்னிடமிருக்கும் தட்டு.
முன்பக்கம் தேய்ந்து சாம்பல் பூத்துவிட்டது.

ஈரத் துணியோடு வீட்டுக்கு ஓடினேன்.
பின்பக்கத்தில்
ஒரு கீறல்கூட இல்லை,
வெட்கக்கேடு.