ஏழாம் எண் முத்திரை

ஆர்டர் வந்த அன்று
முதலாளி ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்தார்,
தொன்னையில் ஆளுக்கு இரண்டு.
பாகு வழிந்த விரலை ஏப்ரனில் தேய்த்தபடி கேட்டோம்:
இருநூற்றுப் பத்து விமானம்,
ஒவ்வொன்றிலும் நூற்றெண்பத்தாறு இருக்கை,
அத்தனைக்கும் தோல் நம் ராணிப்பேட்டையிலிருந்து.
கணக்கு எழுதும் தயாளன் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டு
தீபாவளி வரைக்கும் ஓவர்டைம் என்றான்.
கை தட்டினோம். நானும்தான்.

தாளில் விமானத்தின் பெயர் இருந்தது.
புதுப் பெயர்.
பழைய எண்ணின் பக்கத்தில் ஒரு கோடு,
கோட்டுக்கு அப்புறம் இன்னொரு எண்.
மாசக்கணக்கில் தரையில் நிறுத்திவைத்த அதே வண்டி என்று
நஸ்ரீனுக்குத்தான் தெரிந்தது.
பேடாவைத் தொன்னையோடு மடித்து
டிபன் பாக்ஸில் வைத்தாள், பிள்ளைக்கு என்று.

மேல்விஷாரத்தில் அவள் தங்கை புருஷன்
ஏறிய பதினோராம் நிமிஷம் இல்லாமல் போனான்.
மறுநாள், வீட்டில் விட்டுப்போன அவன் நம்பருக்கு
கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ்:
உங்கள் பயணம் எப்படி இருந்தது?
கீழே ஐந்து நட்சத்திரம், காலியாக.
அதே கம்பெனிதான் இப்போது வாங்குகிறது.
விழுந்ததால் விலை குறைவாம்.
விலை குறைந்ததால் இருநூற்றுப் பத்தாம்.

என் வேலை குழல்விளக்கின் கீழ்
தோலை விரித்துக் குறை பார்ப்பது.
உண்ணி கடித்த தழும்பு, முள்கம்பிக் கீறல்,
மாட்டுக்காரன் சூடு போட்ட தடம்.
சாக்பீஸால் வட்டம் போட்டால்
வெட்டுகிறவன் அதைத் தள்ளி வெட்டவேண்டும்.
சரியாக இருந்தால் பின்பக்கம் முத்திரை, எண் ஏழு.
அப்புறம் தீ.
துண்டைத் தொங்கவிட்டு, பன்னிரண்டு நொடி பர்னர்.
எடுத்ததும் அணையவேண்டும்.
அணைந்தது. சொட்டவில்லை.
எரிந்த ஓரத்தை நஸ்ரீன் தொட்டுப் பார்த்தாள்,
இட்லி வெந்ததா என்று பார்ப்பவள்போல.
நான் கையெழுத்துப் போட்டேன்.

மாசக்கடைசி. நாலே முக்கால்.
கேட்டில் கண்டெய்னர் என்ஜினை அணைக்காமல் நிற்கிறது.
நாற்பது தோல் பாக்கி.
சூப்பர்வைசர் இக்ரமுல்லா சத்தம் போடவில்லை;
போட்டிருந்தால் எதிர்த்திருப்பேன்.
ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.
"ஏகவல்லி, இதெல்லாம் தையலுக்குள்ள போயிடும்மா.
யாருக்குத் தெரியப்போவுது?"
வாஸ்தவம்தான்.
உட்காருகிறவர் இடுப்புக்குக் கீழே ஒரு நூலளவு.
இதனால் ஒரு விமானமும் விழாது.

ஈர ஸ்பாஞ்சால் ஒரு வட்டத்தை அழித்தேன்.
அப்புறம் இன்னும் மூன்றை.
கை சும்மா இருந்தபோது தோன்றியது:
எனக்குத் தெரியாத ஊரில், ஏசி போட்ட கூடத்தில்,
ஒருத்தி எதையோ சுற்றி வட்டம் போட்டிருப்பாள்.
அவள் பக்கத்திலும் ஒருவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்திருப்பார்.
தன்மையாகத்தான் பேசியிருப்பார்.
அங்கேயும் மாசக்கடைசியாக இருந்திருக்கும்.

முத்திரையை எடுக்கப் போனேன்.
நஸ்ரீன் என் மேஜைக்கு வந்தாள்.
சாக்பீஸை எடுக்கவில்லை.
காதோரம் செருகியிருந்த பால்பாயிண்டை எடுத்து
நாலு தோலிலும், நான் அழித்த அதே இடத்தில்,
அழுத்தி அழுத்தி வட்டம் போட்டாள்.
அந்த மை ஏறினால் எந்த ஸ்பாஞ்சுக்கும் போகாது.

முப்பத்தாறோடு வண்டி கிளம்பியது.
இக்ரமுல்லா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை,
வாட்ச்சைப் பார்த்தார்.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது.
கீழே மணலும் சீமைக்கருவேலமும்.
ஆற்காடு வரும்வரை வாய் திறக்காதவள்
இறங்கும்போது கேட்டாள்:
அடுத்த மாசம் வேலை இருக்குமா?
உனக்கா, எனக்கா என்று கேட்கவில்லை.
இருக்கும் என்றேன்.
இருநூற்றுப் பத்து ஆச்சே.