முப்பத்தொரு கிராம்

கருங்கல் சந்தை முக்கில் என் கடை.
பலகையில் முதல் எழுத்து மழைக்குப் போய்
'ழுது பார்க்கப்படும்' என்று நிற்கிறது.
யாரும் குறை சொன்னதில்லை.

ஜெரோன்ஸ் சாரத்து மடியை அவிழ்த்தான்:
சில்லறை, பைக் சாவி, பாதிப் பாக்கு,
அவற்றோடு உரசிக்கொண்டு
தோஹாவில் வாங்கிய புகைப்பெட்டி.
"எண்பதுல வச்சா பத்து இழுப்புல சாவுது அக்கா."

இதை விற்கக் கூடாது, சட்டம்.
நான் விற்பதில்லை, திறப்பதுமில்லை என்றேன்.
"செல்லை மட்டும் பாருங்க."
அங்கேதான் நான் தோற்பது.

மூடி விலக, உள்ளே இரண்டு.
ஒன்று பச்சை. ஒன்று ஊதா.
ஊதாவின் மேல் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று
தேர்தல் வாக்குறுதி மாதிரி ஓர் எண்.
அந்த உடம்புக்குள் அவ்வளவு அடங்காது.
தலைமாட்டில் உறை கிழிந்திருந்தது,
நகம் பட்ட அளவு. சாவி பட்டிருக்கும்.

பக்கத்துக் கடை சுயம்பு ஆசாரியிடம்
தங்கத் தராசை இரவல் கேட்டேன்.
ஒரு மூக்குத்தியை இறக்கி வைத்துவிட்டுத் தந்தார்.
பச்சை: நாற்பத்தைந்து கிராம்.
ஊதா: முப்பத்தொன்று.
"மாற்று குறைவு" என்றார் ஆசாரி,
மூக்குத்தியைத் திரும்ப ஏற்றியபடி.

சொன்னேன்:
எண்பது வாட்டுக்கு இரண்டும்
ஆளுக்குப் பன்னிரண்டு ஆம்பியருக்கு மேல் இறைக்க வேண்டும்.
பச்சை, இருப்பதைக் கொடுக்கும்.
ஊதா, தன்னையே கொடுக்கும்.
சுருளைப் பார், அதன் இடுப்பிலேயே எழுதியிருக்கிறது
நாற்பது முதல் அறுபது.
எறும்பு எழுத்துதான். ஆனாலும் எழுதியிருக்கிறது.
வாங்கின நாளிலிருந்து இரண்டும்
ஒன்றாய் ஏறி ஒன்றாய் இறங்க வேண்டும்.
இந்தப் பச்சைக்குக் கூட வந்தது எங்கே?

"அண்ணனுக்க தலை லைட்டுல."

மார்த்தாண்டம் பாலத்தடியில்
நூறு ரூபாய்க்கு இரண்டு ஊதா வாங்கினானாம்.
கிளீட்டஸின் விளக்கு ஒரு மணிநேரம்கூட நிற்கவில்லையாம்.
அதனால் ஒரு பச்சையை அங்கே கொடுத்து
ஒரு ஊதாவை இங்கே எடுத்தானாம்.
"நியாயமாத்தானே அக்கா பங்கு வச்சேன்."

தராசு இன்னும் என் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

வள்ளம் மூன்றரைக்கே குளச்சலில் இருந்து இறங்கியாச்சு.
போன் அடித்தான். எல்லைக்கு வெளியே.
திரும்ப அடித்தான். அதே பெண்குரல், அதே மரியாதை.
பெட்டியை மேசையில் விட்டுவிட்டு பைக்கை மிதித்தான்.
எதற்கு? கடலுக்குப் பைக் போகுமா?
நான் கேட்கவில்லை.

ஊதாவின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி
மணவாளக்குறிச்சி கறுப்பு மணல் வாளியில் புதைத்தேன்.
அன்று இரவு ஷட்டரை இறக்கிய பிறகும்
ஒருமுறை தூக்கி, வாளியைத் தொட்டுப் பார்த்தேன்.
குளிர்ந்துதான் இருந்தது.
மேற்கே பார்த்தேன். கட்டடங்கள்.

மூன்றாம் நாள் இருவரும் வந்தார்கள்.
கிளீட்டஸின் நெற்றியில் தீப்பெட்டி அகலத்துக்கு
தோல் உரிந்து இளஞ்சிவப்பு.
"நெத்தி காந்துச்சு. காய்ச்சல்ணு நெனச்சு
பாரசிட்டமால் போட்டுட்டு வலை இழுத்தேன்.
பெறவு பட்டை உருகின வாசம் வந்துது,
கழட்டி ஐஸ்பெட்டி மேல வச்சுட்டு
செல்போன் வெளிச்சத்துல மீன் பிரிச்சோம்."
சிரித்தான். சிரித்தபோது தோல் இழுத்துக்கொண்டது.

விளக்குக்குப் புதிதாய் ஒரு ஜோடி போட்டேன்.
ஒரே நிறம், ஒரே தேதி, தராசில் ஒரே எடை.
அவர்களுக்குத் தெரிய நிறுத்தேன்.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் பேனாவால் 'கி' என்று எழுதினேன்.
மாற்றுச் செல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, இனாம்.
மடியில் முடியக் கூடாது, சாவியோடு சேரக் கூடாது.

ஜெரோன்ஸ் அண்ணனின் பின்னால் நின்றபடி
மெதுவாய்க் கேட்டான்:
"அப்ப அதை எத்தனையில வைக்கட்டும் அக்கா?"

கிளீட்டஸ் திரும்பவில்லை.
விளக்கை நெற்றிக்குத் தூக்கினான்,
பாதியில் நிறுத்தி
உள்ளங்கையில் வைத்து, அழுத்தி,
சூடு ஏறுகிறதா என்று
ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே நின்றான்.