ஒரு விகுதிக்காக

கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
காதில் ஆங்கிலம், வாயில் தமிழ்.
லோதி சாலையின் பிப்ரவரிப் பனிமூட்டம்
எதிர்க் கட்டடத்தைத் தின்றுவிட்டது.
மேசையில் விரித்த கடல் வரைபடத்தின் மேல்
யாரோ தண்ணீர் பாட்டிலை வைத்திருக்கிறார்கள்,
சரியாகக் கோடு போகிற இடத்தில்.

நான் ராமகிருஷ்ணபுரத்துப் பெண்.
மீன் என்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை.
கடலை மூன்று முறை பார்த்திருக்கிறேன்,
மூன்று முறையும் செருப்பைக் கையில் பிடித்தபடி.

பாம்பன் இன்னாசிமுத்து தமிழில் பேசுகிறார்.
அது பக்கத்துக் கூண்டில் ஆங்கிலமாகி
என்னிடம் வந்து மறுபடி தமிழாகி
எதிர் நாற்காலியில் இருக்கிற
நெடுந்தீவு செபநாயகத்தின் காதுக்குப் போகிறது.
நெறிமுறை அப்படி.
நான் வாக்கியத்தை முடிக்குமுன்பே
அவர் மறுத்துத் தலையாட்டி முடித்திருக்கிறார்.

'வயிறு' என்று போனது
'வாழ்வாதாரம்' என்று வருகிறது.
'அறுத்துப்போட்டுப் போட்டாங்கள்' என்பது
'உபகரணச் சேதம்'.
'எம் மவனை ஏழு மாசம் உள்ள வச்சிருந்தாங்க' என்பது
'தொடர்புடைய பிற விடயங்கள்'.
நான் அதையே சொல்கிறேன்.
அதற்குத்தான் நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம்.

ஆறாம் பத்தி.
'இருதரப்பும் இழுவைமடியைப் படிப்படியாகக் கைவிட—'
வேண்டுமா, லாமா?
பதினொரு மணியிலிருந்து இதுதான்.
'வேண்டும்' என்றால் இந்தப் பக்கம் பேனாவை மூடுகிறது.
'லாம்' என்றால் அந்தப் பக்கம் கோப்பை மூடுகிறது.
லாம்.
ஒழுகுகிற குழாய்க்கு எங்கள் வீட்டுக்காரர்
பதினாறு வருடமாகச் சொன்ன லாம்:
பார்க்கலாம்.

தேநீர் இடைவேளை. பனீர் பக்கோடா.
இருவரும் அதை ஒருமுறை கடித்து
ஒரே மாதிரி கீழே வைத்தார்கள்.

'உங்கட றோலர் வந்த ராத்திரி
எண்பதாயிரம் ரூவா வலை, அண்ணை.
கயிறும் மிஞ்சேல்லை.'

'கடன்ல நிக்கிற போட்டு, தம்பி.
நான் கரையில நின்னா வட்டி நிக்குமா?'

'நீங்கள் திங்கள் வாறியள், புதன் வாறியள், சனி வாறியள்.
கடல் எப்ப நித்திரை கொள்ளுறது?'

இன்னாசிமுத்து கோப்பைக்குள் பார்த்தார்.
பிறகு, தாழ்ந்த குரலில்:
'எங்க பக்கமும் இறால் விரக்கடைக்கு மேல வர்றதில்ல.
மடியில பாதி சேறுதான்.'

இதை அவர் மேசையில் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் என்னவாக வந்திருக்குமோ.
நான் தட்டோடு நின்றேன்.
முதல்முறையாக யாருக்கும் நான் தேவைப்படவில்லை.

சாயங்காலம் கேட்டார்கள்:
'இந்த ஊர்ல மீன் எங்க?'
மெட்ரோவில் ஐ.என்.ஏ. சந்தைக்குக் கூட்டிப்போனேன்.
பனிக்கட்டி மேல் பாரை, விளைமீன், பெயர் தெரியாத பத்து.
எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன்.
'சமுந்தர் ஸே' என்றான் கடைப்பையன்,
என்ன கேள்வி இது என்கிற முகத்தோடு.

செபநாயகம் செவுளைத் தூக்கினார்.
இன்னாசிமுத்து குனிந்து முகர்ந்தார்.
'அஞ்சு நாள்.'
'ஓம். அஞ்சு நாள்.'
அன்றைக்கு எட்டப்பட்ட ஒரே உடன்பாடு.
வாங்காமல் திரும்பினோம்.

மறுநாள் தலைவர் ஆறாம் பத்தியை வாசிக்கிறார்.
இரவில் யாரோ தொலைபேசியில் முடித்துவிட்டார்கள்.
இந்த அறையில் தமிழ்க் காதுகள் இரண்டு ஜோடி.
மைக்கின் சிவப்பு விளக்கு எரிகிறது.
நான் 'வேண்டும்' என்று சொல்லிவிட்டால்
மாலை விமானம் வரைக்குமாவது அது நிற்கும்.
நாக்கு நுனிவரை அந்த 'வே' வந்தது.

'கைவிடலாம்' என்றேன்.

கண்ணாடிக்கு அப்பால்
மேசையின் இரண்டு பக்கத்திலும்
ஒரே நேரத்தில்
காதுக்கருவியைக் கழற்றி வைக்கிறார்கள்.