களைப்பின் கடைசி எழுத்து

வியாழன் ஏழரை. தஞ்சோங் பகாரில்
ஒரு சாவிக்கடைக்கு மேல்மாடி.
எட்டுப் பேர், ஒரு குளிரூட்டி,
அது சொட்டுவதற்கு ஒரு வாளி.
பாசிர் பாஞ்சாங் கிடங்கில்
செர்ரிப் பெட்டிகளின் மேல் வல்பரைசோ, வல்பரைசோ என்று
எழுத்துக் கூட்டி அலுத்துத்தான் நான் சேர்ந்தேன்.
ரோசியோ அந்த ஊர்க்காரர்.
சொற்களின் கடைசி எழுத்தைப் பாதி விழுங்கிவிடுவார்.
இன்றைக்கு விழுங்க முடியவில்லை.

பலகையில் ஒரே வாக்கியம்:
நான் களைத்திருக்கிறேன்.
முடிவில் ஒரு கோடு, நிரப்பச் சொல்லி.
ஆண் என்றால் கன்சாதோ.
பெண் என்றால் கன்சாதா.
நான் 'ஆ' போட்டேன்.
பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்
ஆணா பெண்ணா என்று
அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

வெய் ஷுவான் கோட்டைக் கோடாகவே விட்டிருந்தார்.
பேனா மூடியைக் கடித்தபடி,
"எனக்குக் களைப்பு மட்டும்தான் இருக்கு."
சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது.

ரோசியோ கோட்டின் மேல் 'ஏ' எழுதினார்.
கன்சாதே.
ஊரில் என் பழைய மாணவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள்,
அண்ணன் கேட்டால் மேசையைக் குத்துவான் என்றார்.
"தேர்வில்?" என்றார் கப்பல் பொறியாளர் நோராஸ்மான்.
"தேர்வில் அடிப்பார்கள். நான் அடிக்க மாட்டேன்."
"மலாயில் எல்லாருக்கும் ஒரே டியா.
எதுக்கு இத்தனை பாடு?"
"மாண்டரினில் வாய்க்கு ஒரு தா,
கைக்குத்தான் இரண்டு" என்றது பின்வரிசை.
தமிழில்? என்று என்னைப் பார்த்தார்கள்.
தமிழில் களைத்தேன் என்றால் களைத்தேன்,
யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை
என்று பெருமையடித்துவிட்டேன்.
'நானை'த் தாண்டி ஓரடி வைத்தால்
வினையின் வாலில் ஒரு காவலாளி
அடையாள அட்டை கேட்டு நிற்பதைச்
சொல்லவில்லை.

கீழே மழை.
வெய் ஷுவான் குடையை என் கையில் திணித்து,
அஞ்சடி முடியும்வரை நடந்து,
அப்புறம் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி,
டாக்சிகளுக்கு இடையில் காணாமல் போக,

ரயிலில் தங்கையிடம் தொலைபேசியில் ஆரம்பித்தேன்:
"கிளாஸ்ல ஒருத்த..."
அதுவரை வந்து நாக்கு நின்றது.
ஊட்ரம் பார்க்கில் கதவு திறந்து மூடியது.
"...குடை குடுத்துட்டுப் போனாங்க."
"எத்தனை பேரு?"
"ஒருத்தர்தான்."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை அவள்.
வயதானவரோ, பெரிய ஆளோ என்று
கணக்குப் போட்டிருக்க வேண்டும்.
பிறகு கேட்டாள்:
"அப்ப அவங்க நனைஞ்சிருப்பாங்களே?"