காண்க: புகை

உலான்பாத்தருக்கு ஒதுக்கியது அறுநூறு சொல்.
ஒட்டகத்துக்கு எழுநூறு கொடுத்தாகிவிட்டது,
திரும்பப் பிடுங்க வழியில்லை.
ஒட்டகம் அச்சுக்குப் போய்விட்டது.

நான்காம் மாடி அறையில் மூன்று பேர்.
நான்சல்மாவின் காதில் செருகிய பென்சில்.
தூமெண்டுக்கு எண்கள் இருந்தால் போதும்:
கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர்,
ஜனவரியில் இத்தனை, ஜூலையில் இத்தனை.
செவெக்மித் காலையிலிருந்து பேசியது ஒன்றே ஒன்று:
தேநீரில் உப்பு குறைவு.

முதல் வாக்கியத்திலேயே இடறல்.
'தூல் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது.'
அமைந்துள்ளதா?
கூடாரங்களாய்ப் பிறந்த ஊர் இது.
பிரித்து, சுருட்டி, விலங்கின் முதுகிலேற்றி
இருபது தடவைக்கு மேல் இடம் மாறியிருக்கிறது
கோயிலோடு, கடையோடு, தீராத கடனோடு.
எந்தப் புல்வெளியின் அட்சரேகையைப் போடுவது?

தமிழில் எழுதும் எனக்கு இது சுலபம்.
நகர் என்றால் ஊர்; நகர் என்றால் கிளம்பு.
குடியிருக்கவும் மூட்டை கட்டவும் அதே சொல்.
அவர்கள் மொழி அந்தச் சலுகையைத் தரவில்லை.
நான்சல்மா 'அமைந்துள்ளது' மேல் கோடு போட்டு
'வந்து நின்றது' என்றெழுதினாள்.
"நின்றதா? பார்க்கலாம்" என்றார் தூமெண்ட்.

பழைய பெயர்களுக்கும் தேதிகளுக்கும் அறுபது சொல் கரைந்தது.
ஓபரா அரங்கம் நுழைந்துவிட்டது.
தூமெண்ட் பூட்ஸ் வாங்கும் சந்தை
அரைப் புள்ளிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது.
மூன்றாம் பத்தியில் அனல்மின் நிலையங்கள்,
எந்த ஆண்டு, எத்தனை மெகாவாட்.

பிறகு அவள் வாசித்தாள்:
'குளிர்காலத்தில், வடக்குக் குன்றுகளின் கூடாரக் குடியிருப்புகளில்
எரிக்கப்படும் கரியால் நகரம் புகையில் மூழ்குகிறது.'

"அதை எடுத்துவிடு" என்றான் செவெக்மித்.

"உண்மைதானே."

"உண்மைதான். உன் வீடு எத்தனையாவது மாடி?"

"ஒன்பது."

"உன் வீட்டுக்குச் சூடு குழாயில் வருகிறது.
அங்கே எரிவதும் கரிதான்.
அந்தப் புகைபோக்கி உயரம்,
அதனால் அது மூன்றாம் பத்தியில் சாதனை.
என்னுடையது என் தலைக்கு மேல் இரண்டடி,
அதனால் நான் புகை."

கணக்கிடும் பொறியைத் தூமெண்ட்
அணைத்தார், போட்டார், அணைத்தார்.
நான்சல்மாவுக்குக் கோபம் வந்தது,
யார் மீதென்று அவளுக்கே தெரியவில்லை.
போன தை மாதம் முழுக்க இருமிய மகளை
இந்த மேசைமேல் கொண்டுவந்து வைக்கலாமா?
வைக்கவில்லை.
வைத்திருந்தால் அவனிடம் மூன்று பிள்ளைகள்.

அவர்கள் அகரவரிசையில்
தலைநகரும் புகையும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன.
நடுவே தண்ணீர்.
ஒரே தொகுதி, சில பக்கங்களே தள்ளி.
வாக்கியத்தை அடித்துவிட்டு
அவள் இரண்டே சொல் எழுதினாள்: காண்க: புகை.

"புகையை யார் எழுதுவது?"
பதிலில்லை.
"எத்தனை சொல்?" என்றான் கடைசியில் செவெக்மித்.
"நூற்றிருபது."
அவன் சிரித்தது
ஒத்துக்கொண்டதா மறுத்ததா,
தூமெண்ட் குறிப்பேட்டில் கேள்விக்குறி போட்டார்.

இரவு, பேருந்தின் கடைசி நிறுத்தத்துக்கு மேலும்
இருநூறு படிபோல் உறைந்த மண்.
வரைபடத்தின் ஓரக்கோடு எங்கோ கீழே தங்கிவிட்டது.
மூன்று மணிக்கு அடுப்பு தணிந்தது.
பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் ஒரே விலங்கு.
எழுந்தான், பையைத் துழாவினான்,
கழித்துப்போட்ட மெய்ப்புத் தாள்களைக் கசக்கித்
தீக்குச்சி கிழித்தான்.

முதலில் பற்றிக்கொண்டது ஒட்டகம்.